மூணு நாள் நிவேதா

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு அன்றைக்கு ஒன்பதாவது நாள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கலியாணசுந்தரத்தின் வீட்டுத் தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிட்டிருந்தது. காலையில் எழுந்ததும் அவர் டார்ச்சை அடித்துக் குழிக்குள் பார்த்தார். கால் மிதிக்கிற பலகை முங்கிக் கிடந்தது.

"வந்திடுச்சுபா" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

வேட்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டு இறங்கினார். மகள் சங்கரி வாளியைப் பிடித்துக்கொள்ள, அவர் சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றினார். வாளி நிறைந்ததும் அவள் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் சாக்கடையில் கவிழ்ப்பாள். திரும்பி வருவதற்குள் இறைத்த இடத்தில் பாதி ஊறியிருக்கும். தெருவில் எட்டு வீட்டிலும் இதே வேலைதான். ஒரு வீட்டில் மோட்டார் வைத்து இறைக்கிற சத்தம் கேட்டது.

தறியில் பாதிச் சேலை நின்றது. மாம்பழ மஞ்சளில் உடல், அரக்கில் கரை. உடலுக்கும் கரைக்கும் நிறம் வேறாக இருக்கிற சேலையை ஒற்றை ஆள் நெய்ய முடியாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நூல் வைத்த நாடாக் கட்டையை எறிந்து வாங்க வேண்டும். அந்த வீட்டில் அது சங்கரியின் வேலை. காலை ஆறு மணியிலிருந்து பகல் வரைக்கும் அப்பாவோடு தறியில் உட்காருவாள். சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குக் கம்ப்யூட்டர் வகுப்புக்கு ஓடுவாள்.

வகுப்பு தெருக்கோடியில், பழைய சாயப்பட்டறைக் கூடத்தில் நடந்தது. ஏதோ ஒரு டிரஸ்ட் பன்னிரண்டு லேப்டாப் கொடுத்திருந்தது. அதில் நாலு லேப்டாப், ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். செவிலிமேட்டிலிருந்து கலைவாணி என்கிற பெண் ஸ்கூட்டியில் வந்து சொல்லிக்கொடுத்தாள். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள், மூட்டை தூக்குகிறவர் பிள்ளைகள், வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் என்று இருபத்திரண்டு பேர். மெயில் அனுப்புவது, தமிழில் டைப் அடிப்பது, ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது, கணக்குப் பட்டியல் போடுவது, போலி லிங்க்கைக் கண்டுபிடிப்பது. மூன்று மாதம் முடிந்தால் சர்ட்டிபிகேட்.

சங்கரியின் அண்ணன் தினேஷ் போன பேட்ச்சிலேயே முடித்துவிட்டான். அந்தக் கூடத்தில் அவனைப்போல டைப் அடித்தவர் யாருமில்லை. இங்கிலீஷும் ஓடும், தமிழும் ஓடும். விரல் போகிற வேகத்தைப் பார்க்கவே பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். பி.காம். படித்திருந்தான். ஒரகடம் பக்கத்தில் காண்ட்ராக்ட்டில் ஒரு வருஷம் வேலை பார்த்தான். காண்ட்ராக்ட் முடிந்ததும் நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து எட்டு மாதமாக அவன் ஒரு இடத்தில் உட்கார்ந்து யாரும் பார்க்கவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டே சாப்பிடுவான். வாசலுக்குப் போவான், திரும்புவான், போனை எடுத்துப் பார்ப்பான், மறுபடி வாசலுக்குப் போவான். "நீ நடக்கறத பாத்தா எனக்குக் காலு வலிக்குதுடா" என்பாள் அம்மா சம்பூர்ணம்.

அந்தத் தினேஷ் இப்போது போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளறையிலிருந்து வந்தான்.

"நைனா, டிக்கெட் வந்திடுச்சு. வெள்ளிக்கிழமை பிளைட்டு. மெட்ராஸ் டு பாங்காக்."

கலியாணசுந்தரம் குழிக்குள் நின்றபடியே கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். எழுத்து அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உம் பேரு இருக்குதா இதுல?"

"இதோ, மேல. தினேஷ் கலியாணசுந்தரம். உங்க பேரும் இருக்குது."

அவர் சிரித்துவிட்டார். அந்த ஒன்பது நாளில் அவர் சிரித்தது அப்போதுதான். டேட்டா என்ட்ரி வேலை, தங்க இடம், சாப்பாடு, எல்லாம் கம்பெனி செலவு, ஏஜெண்ட்டுக்கு ஒரு பைசா தர வேண்டாம். நாலு நாளாக அவர் டீக்கடையில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். தறிக்குப் பாவு நூல் வாங்கப் போன இடத்திலும் சொல்லியிருந்தார். எதிர்வீட்டுத் தறிக்காரர், சின்னப்பையன் என்று பெயர், "உம் பையன் போய் செட்டிலாயிட்டா எங்க ஊட்டு பையனையும் கூப்டுக்க சொல்லுபா" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

சம்பூர்ணம் அடுப்படியில் பருப்புப்பொடிக்கு வறுத்துக்கொண்டிருந்தாள். மகன் கொண்டுபோவதற்கு. நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சியில் நூலைச் சுற்றிச் சுற்றி அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. கரண்டியை இடது கையால் பிடித்திருந்தாள்.

"அங்க இட்லி கெடைக்குமாடா?"

"எல்லாம் கெடைக்கும்மா. தமிழ்காரங்க நெறைய பேரு இருக்காங்களாம்."

பகலுக்கு மொச்சைக் குழம்பு. தறி ஓடாததால் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். தினேஷ் வழக்கம்போல நின்றுகொண்டு சாப்பிட்டான். சாப்பிட்டுக்கொண்டே தங்கையிடம் சொன்னான்.

"சங்கரி, அடுத்த பேட்ச்ல பொண்ணுங்களையும் எடுக்கறாங்களாம். ராபின் சார் சொன்னாரு. உன் பேரையும் குடுத்திருக்கேன்."

"எனக்கு இன்னும் சர்ட்டிபிகேட்டே வரல."

"சர்ட்டிபிகேட்லாம் கேக்க மாட்டாங்க. டெஸ்ட் ஒண்டிதான். மூணு நாள் டெஸ்ட். நான் பாஸ் பண்ணத வச்சிருக்கேன், நீ படிச்சி பாத்துக்க."

ராபின் சாரை யாரும் பார்த்ததில்லை. டெலிகிராமில் வந்த வேலை விளம்பரத்துக்குத் தினேஷ் மெசேஜ் போட்டிருந்தான். அந்தப் பக்கத்தில் பதில் சொன்னவர்தான் ராபின் சார்.

டெஸ்ட் என்பது டைப்பிங் இல்லை. வாட்ஸப்பில் ஒரு நம்பரைக் கொடுத்து லாகின் பண்ணச் சொன்னார்கள். அந்தக் கணக்குக்கு நிவேதா என்று பெயர், பச்சைச் சுடிதாரில் ஒரு பெண்ணின் படம். நீ நிவேதாவாகப் பேச வேண்டும். எதிர்ப்பக்கம் நம்ம கம்பெனி ஆள்தான் கஸ்டமர் மாதிரி பேசுவார். மூன்று நாள் பேச்சு அறுந்துபோகாமல் கொண்டுபோனால் பாஸ். இதுதான் தேர்வு.

"தமிழ்ல மெஷினே பேசுதாம், ஆனா புக்கு தமிழ் பேசுதாம்" என்றான் தினேஷ். "நம்ம பக்கத்து ஆளுங்க மாதிரி பேசத் தெரியலயாம். அதுக்குத்தான் ஊரு ஊருக்கு ஆளு எடுக்கறாங்க. கஸ்டமர் சர்வீஸ்."

சங்கரி கையைக் கழுவிக்கொண்டு வந்து அவன் போனை வாங்கினாள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து படித்தாள். மொத்தம் தொண்ணூறு ஸ்கிரீன்ஷாட்.

நிவேதா முதலில் எழுதியிருந்தாள்: பூங்கொடி அக்கா, பாவு வந்திடுச்சா?

தப்பு நம்பர்மா, என்று பூவராகவன் என்பவரிடமிருந்து பதில்.

மன்னிச்சிக்கோங்க சார், அவசரத்துல பாக்கல. மழை வேற. எங்க ஊட்ல தறிக்குழில தண்ணி வந்திடும்னு பயந்துக்கினு இருக்கோம்.

தறி ஊடா? எந்த ஊரும்மா?

அப்படித் தொடங்கியிருந்தது. முதல் நாள் சாயந்திரம் அவள் அம்மாவின் மணிக்கட்டைப் பற்றி எழுதியிருந்தாள். நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் குடும்மா, எங்க ஊட்டம்மாக்கு நான் அப்படித்தான் குடுப்பேன், என்று அவர் எழுதியிருந்தார். இரண்டாம் நாள் 'சார்' போய் 'பெரியப்பா' வந்திருந்தது. கண் ஆபரேஷனுக்குப் பயமாக இருக்கிறது என்று அவர் சொல்கிறார். இன்னாத்துக்கு பெரியப்பா பயம், பத்து நிமிசம்தான், என்று நிவேதா தைரியம் சொல்கிறாள். அவர் மகள் ஓசூரில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் போன் பண்ணுவாள். மூன்றாம் நாள் அவர் ஒரு படம் அனுப்பியிருந்தார். சுவரில் மாட்டிய ஒரு பெண்ணின் படம். சாமந்தி மாலை வாடித் தொங்கியது. கண்ணாடியில் போனைப் பிடித்திருந்த கையின் நிழல் விழுந்திருந்தது. கீழே எழுதியிருந்தார்: இதாம்மா லோகாம்பாள். போன தையில போயிட்டா.

சங்கரி அந்தப் படத்திலேயே நின்றாள்.

"அண்ணா, இங்க வா."

"இன்னா?"

"எந்தக் கம்பெனிக்காரன் டெஸ்ட் வெக்கறதுக்கு செத்துப்போன பொண்டாட்டி படத்த அனுப்புவான்?"

தினேஷ் குனிந்து பார்த்தான். "அது நெட்ல எடுத்த படமா இருக்கும்."

"மாலை வாடிப்போயிருக்குது பாரு. போன் புடிச்சிருக்கற கை தெரியுது பாரு."

"ஏய், அவங்க ஆளுங்களுக்கு டிரெய்னிங் குடுத்திருப்பாங்க. நேச்சுரலா இருக்கணும்ல."

"கலைவாணி அக்கா போன வாரம் இன்னா சொன்னாங்க தெரியுமா? காசு கேக்கற ஏஜெண்ட்டு உன் காசத்தான் எடுப்பான், காசே கேக்காதவன் உன்னியே எடுத்துக்குவான்னு சொன்னாங்க. வெளிநாட்டு வேலைக்கு ஆளு எடுக்கற ஏஜெண்ட்டுங்க பேரு கவர்மெண்ட் சைட்ல இருக்கும். நேத்தே தேடிப் பாத்தேன். உன் ராபினு அதுல இல்ல. விசாவப் பாத்தியா? டூரிஸ்ட் விசா."

"அங்க போய் மாத்திக்கலாம்னு சொன்னாரு."

"போன் போட்டு பாக்கட்டுமா இவருக்கு?"

"வேணாம்."

அவன் அதைச் சொன்ன வேகம் சங்கரிக்கு வித்தியாசமாகப் பட்டது. அவள் தன் போனை எடுத்து, ஸ்கிரீன்ஷாட்டின் மேலே இருந்த நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். நாலு தரம் ரிங் போனது.

"யாரும்மா?"

வயசான குரல். பின்னால் எங்கோ ரயில் போகிற சத்தம் கேட்டது.

"பூவராகவன் சாரா?"

"ஆமா, நீ யாரு?"

"சார், நீங்க... தாய்லாந்துல ஏதாவது கம்பெனில வேலை செய்யறீங்களா?"

"இன்னாமா சொல்ற? நான் வாலாஜாபாத்ல ரைஸ் மில்லுல எடை போட்டுக்கினு இருந்தவன். இப்ப அதுவும் வுட்டாச்சு." பிறகு குரல் தணிந்தது. "நிவேதாவா பேசறது?"

தினேஷ் பாய்ந்து வந்து போனைப் பிடுங்கி அணைத்தான்.

அடுப்படியில் வறுக்கிற சத்தம் நின்றது. கலியாணசுந்தரம் தறி மேடையிலிருந்து எழுந்து வந்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"யாருடா அது நிவேதா?"

சங்கரிதான் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. ஆனால் மகளைத்தான் கோபித்துக்கொண்டார்.

"உனக்கு இன்னாத்துக்கு இந்த வேலை? அவன் பொழப்புக்கு ஒரு வழி வந்தா நீ குறுக்க வுழுவியா?"

"நைனா, அந்த ஆளு நெஜ ஆளு. இவன அங்க கூட்டிக்கினு போயி இதே வேலைதான் செய்ய வெப்பாங்க. பாஸ்போர்ட்ட புடுங்கிக்குவாங்க. வர வுட மாட்டாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கிளாஸ்ல காட்டினாங்க. போயி மாட்டிக்கினு திரும்பி வந்தவங்க பேசின வீடியோவ."

"தெரு பூரா சொல்லிட்டேன்மா" என்றார் கலியாணசுந்தரம். குழிக்குள் இறங்கி, இறைக்கத் தேவையில்லாத அளவுக்கு இருந்த தண்ணீரை வேகவேகமாக இறைக்க ஆரம்பித்தார். வாளி பிடிக்க ஆளில்லை. தண்ணீர் தரையெல்லாம் ஓடியது.

தினேஷ் செருப்பை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கிவிட்டான்.

அவன் திரும்பி வர ஒன்றரை மணி நேரமானது. கச்சபேஸ்வரர் கோயில் வரைக்கும் போய், பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, மறுபடி நடந்தே வந்திருந்தான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. வகுப்புக்குப் போகாமல் வாசலில் காத்திருந்த தங்கையிடம், தலையைக்கூடத் துவட்டாமல் சொன்னான்.

"அந்த அக்கவுண்ட்ட இப்ப வேற எவனோ ஓட்டறான். என் போன்ல லாகின் கட்டாவாம இருந்துச்சு. பாத்தேன்."

"இன்னா பாத்த?"

"ஒரு ஆப்புல காசு போடச் சொல்லிக்கினு இருக்கான் அவருகிட்ட. நிவேதா பேருல. அம்மா கை ஆபரேஷனுக்கு நானே இதுலதான் சம்பாரிச்சேன் பெரியப்பான்னு எழுதியிருக்கான். அம்மா கையின்னு."

"எப்ப பாத்த?"

அவன் சட்டை நுனியைப் பிழிந்தான்.

"எப்பண்ணா பாத்த?"

"முந்தாநாளு."

"பாத்துட்டு சும்மா இருந்தியா?"

"அதுவும் டெஸ்ட்டா இருக்கும்னு நெனச்சிக்கினேன்" என்றான் தினேஷ். பிறகு, "நெனச்சிக்கல. அப்படி நெனச்சிக்கணும்னு பாத்தேன்" என்றான்.

சங்கரி உள்ளே போய்த் துண்டைக் கொண்டுவந்து அவன் தோளில் போட்டாள். "வாலாஜாபாத் பஸ்ஸு பத்து நிமிசத்துக்கு ஒண்ணு இருக்குது. சட்டைய மாத்திக்கினு வா."

பஸ்ஸில் ஜன்னல் ஷட்டர்களை இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே ஈரத் துணி வாசனை. முன்சீட்டில் இரண்டு பேர் பாலாற்றில் தண்ணீர் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். காலியிடம் இருந்தும் தினேஷ் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தான். போன் இரண்டு தரம் அடித்தது. ராபின் சார். அவன் எடுக்கவில்லை.

பூவராகவன் சொன்ன எல்லாமே சாட்டில் இருந்ததால் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ரயில்வே ஸ்டேஷனைத் தாண்டி, மில்லின் பின்பக்கம், முருங்கை மரம் இருக்கிற வீடு. தெருவெல்லாம் அவித்த நெல்லின் வாசனை. அவர் வாசலில் குடையோடு நின்று கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். மெலிந்த ஆள். வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். கக்கத்தில் மஞ்சள் துணிப்பை.

"யாரு வேணும்?"

"நாந்தான் சார் பகல்ல போன் பண்ணேன்" என்றாள் சங்கரி.

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "நிவேதாவா? போட்டோல வேற மாதிரி இருக்குற? வாம்மா, வாம்மா. நான் பேங்க்குக்கு கெளம்பிக்கினு இருந்தேன். மூடறதுக்குள்ள போவணும். நீ சொன்னதுக்குத்தான். பரவால்ல, உள்ள வா. இது யாரு, அண்ணனா?"

பூட்டைத் திறந்தார். உள்ளே சுவரில் அந்தப் படம் இருந்தது. மாலையை மாற்றியிருந்தார்.

சங்கரி வாயைத் திறப்பதற்குள் தினேஷ் பேசிவிட்டான்.

"பெரியப்பா, நான்தான் நிவேதா."

பூவராகவன் சிரித்தார். "இன்னாபா, வெளையாடறியா?"

"கண்ணு ஆபரேஷன சங்கராந்திக்கு அப்புறம் வெச்சிக்கலாம்னு நான்தான் சொன்னேன். நீங்க ராத்திரிக்கு ஒண்டி ஆளுக்கு சோறு வடிக்க சோம்பல் பட்டுக்கினு பிஸ்கோத்து தின்னுட்டு படுத்தீங்க. அதுக்குத் திட்டினேன். லோகாம்பாள் பெரியம்மா பத்தி கேட்டேன். மூணு நாளு நான்தான் பேசினேன். நாலாம் நாள்லேந்து வேற ஆளு."

அவர் சிரிப்பு அப்படியே நின்று, மெதுவாகப் போனது. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பை மடியில் இருந்தது.

"எனக்குத் தோணுச்சு" என்றார். "நாலு நாளா பேச்சு மாறிப்போச்சு. ஆப்பு, பிளானுன்னு... ஒடம்பு சரியில்லையோ, இன்னா கஷ்டமோன்னு நெனச்சேன்." அப்புறம் கேட்டார்: "உங்க அம்மா கை வீங்கிக்கினு இருக்குதுன்னியே. அதுவும் பொய்யா?"

"இல்ல. அது நெஜம்."

"நொச்சி எலை?"

"வெச்சோம்."

"கொறஞ்சிதா?"

"கொஞ்சம்."

பூவராகவன் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு எழுந்து அடுப்படிக்குள் போனார். பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது, குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. வெகு நேரம் தண்ணீர் ஓடியது. வெளியே வந்தபோது அவருடைய கண்கள் சிவந்திருந்தன.

"வெளிய போடா" என்றார் தினேஷிடம். "எங்க ஊட்ல நிக்காத. போ."

தினேஷ் வாசலுக்குப் போய் மழையில் நின்றான். சங்கரி நகரவில்லை.

"சார், என்னையும் திட்டுங்க, அப்புறமா திட்டுங்க. அனுப்பிட்டீங்களா ஏற்கெனவே?"

"மில்லுல கடைசியா குடுத்ததுல பாதிய அனுப்பிட்டேன். ரெண்டு நாளாச்சு. மீதி டெபாசிட்டு, ரசீது இதோ." நாற்காலியில் கிடந்த பையைக் காட்டினார். "இன்னைக்கு டெபாசிட்ட ஒடைக்கலாம்னு கெளம்பினேன்."

"ஒடைக்காதீங்க. இப்பவே சைபர் கிரைம் நம்பரு 1930க்கு போன் பண்ணணும். சீக்கிரம் சொன்னா போன காச எங்கயாவது நிறுத்தி வெக்கறதுக்கு வழி இருக்குதாம். அந்த ஆப்ப ஒண்ணும் தொட வேணாம், அழிக்க வேணாம், அப்படியே இருக்கட்டும்."

அவர் போனை எடுத்து நீட்டினார். "நீயே பண்ணும்மா. எனக்கு இப்ப எதையும் தொடப் புடிக்கல."

லைன் கிடைக்க இருபது நிமிஷமானது. சங்கரி கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். என்றைக்கு, எந்த வங்கி, எந்தக் கணக்கு நம்பருக்கு. அவர் பாஸ்புக்கைப் பிரித்துப் பிரித்துக் காட்டினார். அவர்கள் ஒரு எண் கொடுத்தார்கள். சங்கரி அதைப் பாஸ்புக்கின் அட்டையிலேயே எழுதினாள். விவரமான புகாரை ஆன்லைனில் போட வேண்டும் என்றார்கள்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு காஞ்சிபுரம் வாங்க சார். எங்க கிளாஸ்ல லேப்டாப்பு, ஸ்கேனர் எல்லாம் இருக்குது. நாங்களே போட்டுத் தரோம்."

பூவராகவன் வாசலைப் பார்த்தார். தினேஷ் முருங்கை மரத்தடியில் நின்றிருந்தான். மரம் அவனை நனையாமல் காக்கவில்லை.

"அந்தப் பையன் குடைய எடுத்துக்கினு வரலியா?" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் தினேஷ் ராபினுக்கு மெசேஜ் போட்டான். நான் வரவில்லை, டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். பஸ் முத்தியால்பேட்டை தாண்டுவதற்குள் வாய்ஸ் மெசேஜ் வந்தது. காதில் வைத்துக் கேட்டுவிட்டுத் தங்கையிடம் கொடுத்தான். தமிழ்தான், எந்த ஊர்த் தமிழ் என்று சொல்ல முடியாத தமிழ். தம்பி, உங்க ஆதார், பாஸ்போர்ட், போட்டோ எல்லாம் நம்மகிட்ட இருக்கு. அந்தப் பெரியவர்கிட்ட முதல் மூணு நாள் பேசினது உங்க போன்ல இருந்து. போலீஸ் வந்தா முதல் கேஸ் உங்க மேலதான். யோசிச்சு முடிவு பண்ணுங்க.

"இத அழிச்சிடாத" என்றாள் சங்கரி.

"அழிக்கல."

"பயமா இருக்குதா?"

"ஆமா" என்றான். அப்போதுதான் அவன் சீட்டில் உட்கார்ந்தான்.

மறுநாள் பதினோரு மணிக்குப் பூவராகவன் வந்துவிட்டார். கலைவாணி முன்கூட்டியே வந்து கூடத்தைத் திறந்து வைத்திருந்தாள். காலையிலேயே சங்கரி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். கலைவாணிக்குத் தினேஷைத் திட்டுவதா, தன்னைத்தானே திட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. "நம்ம கிளாஸ்ல கத்துக்கின டைப்பிங்க வெச்சித்தானே அவன்கிட்ட சேர்ந்த நீ?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அவன் ஆமாம் என்றதும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மத்தியானம் வகுப்பில் எல்லோரிடமும் கேட்டாள். இருபத்திரண்டு பேரில் ஐந்து பேருக்கு அதே விளம்பரம் வந்திருந்தது. துளசி என்கிற பெண் பாஸ்போர்ட்டுக்கே விண்ணப்பித்திருந்தாள். வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஆனால் அது மத்தியானம். பதினோரு மணிக்குக் கூடத்தில் நாலு பேர்தான். பூவராகவன் தினேஷின் பக்கம் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். சங்கரிக்குத் தமிழ் டைப்பிங்கில் அவ்வளவு வேகம் இல்லை. அவர் சொல்வது ஓடியது, அவள் பின்தங்கினாள். மூன்றாவது தடவை, "இன்னொரு தரம் சொல்லுங்க சார்" என்றபோது தினேஷ் வந்து அவள் பக்கத்தில் நின்றான். அவள் எழுந்து இடம் கொடுத்தாள்.

பூவராகவன் நாற்காலியைச் சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டார். பிறகு பேசினார். அவன் விரல்கள் ஓடின. தேதிகள், நேரம், கணக்கு எண். ஆரம்பம் எப்படி என்ற இடத்துக்கு வந்தபோது அவர் நிறுத்தினார்.

"மொதல்ல ஒரு ஆளு மூணு நாள் பேசினாரு, யாருன்னு தெரியாதுன்னு போடு."

தினேஷ் நிமிர்ந்து பார்த்தான்.

"போடுபா. தெரியாதுன்னே போடு. உன்ன உள்ள தூக்கி வெச்சா எனக்கு இன்னா வரப்போவுது? போன காசு வந்திடுமா? உன் வயசுல எனக்கு ஒரு பையன் இருந்தா..." அதை அவர் முடிக்கவில்லை. "உம்மேல கோவம் இல்லன்னு சொல்லல. கோவந்தான். ஆனா பேரு வேணாம்."

வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என் போன்ல அவங்க நம்பரு, ஐடி, டிக்கெட்டு எல்லாம் இருக்குது பெரியப்பா" என்றான் தினேஷ். "என் பேரு இல்லன்னா இத எங்கேந்து எடுத்தேன்னு கேப்பாங்க. நான் சொன்னாத்தான் அவங்கள புடிக்க ஒரு நூலாவது கெடைக்கும்."

அவன் டைப் அடித்தான். முதல் மூன்று நாள் நிவேதா என்ற பெயரில் பேசியவர்: க. தினேஷ், வயது 22, தகப்பனார் கலியாணசுந்தரம். கதவு எண், தெருப் பெயர், தன் கைபேசி எண். எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஒரு தரம் சத்தமாகப் படித்துக் காட்டினான். பூவராகவன் கேட்டார். கேட்டுவிட்டு, "சரி, அமுக்கு" என்றார்.

சைபர் கிரைம் பிரிவில் அன்று சாயந்திரமே கூப்பிட்டார்கள். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாஸ்போர்ட்டையும் கொடுக்கச் சொன்னார்கள். அவனைச் சாட்சியாகச் சேர்ப்பதா, குற்றம் செய்தவனாகச் சேர்ப்பதா என்பது விசாரித்துத்தான் தெரியும் என்றார்கள். பூவராகவன் அனுப்பியதில் ஒரு பகுதி வடக்கே ஏதோ ஒரு வங்கிக் கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. மீதி அங்கிருந்து கைமாறிப் போய்விட்டது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தினேஷ் மறுபடி வர வேண்டும்.

வீட்டில் கலியாணசுந்தரம் இரண்டு நாளாக மகனிடம் பேசவில்லை. மகளிடமும் பேசவில்லை. டீக்கடைக்குப் போவதையும் விட்டுவிட்டார். சம்பூர்ணம் அரைத்து வைத்த பருப்புப்பொடியை டப்பாவில் போட்டு மேல் பலகையில் வைத்தாள். பிறகு இறக்கி, சோற்றில் போட்டு எல்லோருக்கும் பிசைந்து கொடுத்தாள். "நாங்க துன்றோம், இன்னா இப்போ" என்றாள்.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. குழி வற்றி ஈரம் மட்டும் இருந்தது. ஆறு மணிக்கே கலியாணசுந்தரம் குழிக்குள் கோணியை விரித்துக் காலை வைத்தார். மூன்று நாள் நின்ற வேலை. சேலையை மாத முடிவுக்குள் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தாக வேண்டும். சங்கரி பக்கத்தில் உட்கார்ந்தாள். நாடாவை எறிந்தாள், வாங்கினாள்.

ஒன்பது மணிக்கு மேல், பல் குச்சியோடு சின்னப்பையன் வாசலில் வந்து நின்றார்.

"இன்னா கலியாணம், பையன் நேத்தே பிளைட்டு ஏறியிருக்கணுமே? உள்ளதான் இருக்கறாப்புல இருக்குது?"

நாடா பாதி வழியில் நின்றது. சங்கரி அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கையைத்தான் பார்த்தாள். பக்கத்து வீட்டில் தறிச் சத்தமும் நின்றுவிட்டது. அங்கேயும் காது இந்தப் பக்கம் இருந்தது.

"போவல" என்றார் கலியாணசுந்தரம். தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். "அது ஏமாத்து வேலை. இவனும் அதுல மாட்டிக்கினு ஒரு பெரியவர ஏமாத்திட்டான். இவனே போயி எழுதிக் குடுத்துட்டான். ஸ்டேஷன்ல கேசு நடக்குது. உம் பையனுக்கு அந்த மெசேஜு வந்திருந்தா மொதல்ல அழிக்க சொல்லாத, இங்க வந்து காட்ட சொல்லு."

சின்னப்பையன் குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "எங்க ஊட்டு பையனுக்கும் ஒண்ணு வந்துச்சுபா" என்றார்.

தினேஷ் சட்டையை மாட்டிக்கொண்டு உள்ளறையிலிருந்து வந்தான். கையில் போன் இல்லாததால் என்ன செய்வது என்று தெரியாதவன்போல இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான். யாரிடமும் சொல்லாமல் வாசலைத் தாண்டப் பார்த்தான்.

"எத்தினி மணிக்கு?" என்றார் கலியாணசுந்தரம்.

இரண்டு நாளில் அவர் அவனிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"பத்துக்கு."

"நடந்தா போற?"

"ஆமா நைனா."

அவர் நாடாவைத் தறி மேல் வைத்தார். குழியின் விளிம்பில் கையை ஊன்றி ஏறினார். கொடியில் கிடந்த சட்டையை உதறிப் போட்டுக்கொண்டார். மேல் பொத்தான் அவசரத்தில் மாறிப்போனது. சம்பூர்ணம் வந்து இடது கையால் அதைச் சரிசெய்தாள்.

"நைனா, சேலை?" என்றாள் சங்கரி.

"கெடக்கட்டும்" என்றார் அவர். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, மகனுக்கு முன்னால் தெருவில் இறங்கினார். எட்டு வீட்டு வாசலையும் கடந்து, யாரையும் பார்த்துத் தலையைக் குனிந்துகொள்ளாமல், இரண்டு பேரும் ஸ்டேஷன் பக்கம் நடந்தார்கள்.